மலிவு விலை வரைகலை அட்டைக்கும் உரைகல் உண்டு

செட்டியார் தெருவிலே ஒரு பவுண் நகை வாங்கப் புகும் நம் தாய்மார் எத்தனை கேள்விகளை அடுக்குகிறார்கள்! 22 காரட்டா, சேதாரம் எவ்வளவு என்று வினவி, தராசின் முள்ளை உற்றுநோக்கிய பின்னரே பணப்பையைத் திறக்கிறார்கள். ஆயின், அங்கிருந்து சிறிது நடந்து புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவை அடைந்து, மகனுக்குக் கணனிப் பொருள் ஒன்று வாங்கும்போது அதே குடும்பத்தினர் பெட்டியின் மேலுள்ள படத்தையும் ஓர் எண்ணையும் நம்பிவிடுகின்றனர்.

சென்ற மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து என் தமக்கையின் மகனுடன் அத்தெருவுக்குச் செல்ல நேர்ந்தது. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை. வீட்டிலுள்ளது அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பழைய கணனி. அதிலே விளையாடவும், ஒளிப்படத் தொகுப்புப் பழகவும் ‘கிராபிக்ஸ் காட்’ எனப்படும் வரைகலை அட்டை வேண்டுமென்பது அவன் வேண்டுகோள். தாயார் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தார்.

இவ்வட்டை செய்யும் வேலை எளிதன்று. சாதாரணத் திரையொன்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. சினிமாவுக்கு விநாடிக்கு 24 படங்கள் போதும். விளையாட்டிலோ கைவிரல் அசைவுக்குத் திரை உடனே இணங்க வேண்டுமாதலால், 60 படங்களாவது புதிதாக வரையப்பட வேண்டும். சராசரி 60 என்று விளம்பரம் கூறினும், நெருக்கடியான கட்டத்தில் அது 20க்கு வீழ்ந்தால் ஆட்டம் திக்கித் திணறும். ஆதலின் கேட்கவேண்டியது சராசரியை மட்டுமன்று, மிகத் தாழ்ந்த நிலையையுமாகும்.

“நாலு ஜி.பி. காட், தம்பி!” என்றார் முதற் கடைக்காரர். பொய்யன்று. ஆனால் அது ஜி.ரி. 730 என்னும், 2014இல் வெளிவந்த அட்டை. 2019 ஏப்பிரலில் வந்த ஜி.ரி.எக்ஸ். 1650இலும் நினைவகம் 4 ஜி.பி.தான். முன்னதன் 64 பிட் வகையில் விநாடிக்கு 14.4 ஜி.பி. தரவே நினைவகத்தினூடு செல்லும். பின்னதில் 128 ஜி.பி. செல்லும். குளம் இரண்டும் ஒன்றே. வாய்க்கால் மட்டும் ஒன்பது மடங்கு வேறு. குளத்தின் கொள்ளளவைச் சொல்லி விற்பவரிடம் வாய்க்காலின் அகலத்தைக் கேட்பதே முறை.

அடுத்த கடையில் ஆர்.எக்ஸ். 580 காட்டப்பட்டது. 8 ஜி.பி.; பையன் முகம் மலர்ந்தது. 2017இல் ஏ.எம்.டி. நிறுவனம் இதனை வெளியிட்டபோது இதனுள் 2304 கணிப்பு அலகுகள் இருந்தன. 2018இல் சீனச் சந்தைக்கென இதே பெயரில், 2048 அலகுகளுடன் மற்றொன்றும் வந்தது. உள்ளடக்கத்தில் அது ஆர்.எக்ஸ். 570க்கு இணையானது. கெட்ட பொருளென்று கூறேன். 570இன் விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். 580இன் விலை கேட்பதே தவறு. இதைக் கண்டறிய ஜி.பி.யு.-இசட் என்னும் இலவச நிரலை இயக்கினால் அலகுகளின் தொகை திரையில் தோன்றும். நமக்கு வாய்த்த உரைகல் அதுவே.

கைமாறிய அட்டைகள் பலவற்றுக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. ஈதீரியம் என்னும் மின்நாணயத்தை ஈட்ட இவை இரவுபகலாக உழைத்தன. 2022 செப்டெம்பர் 15இல் அம்முறை கைவிடப்பட்டதும் திரளாகச் சந்தைக்கு வந்தன. உழைத்த அட்டையெல்லாம் பழுதென்பது மிகை. விசிறி ஓசையின்றிச் சுழல்கிறதா, அரைமணி நேரம் இயக்கினால் சூடு கட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 1650 அட்டையின் வெளியீட்டு விலை 149 டொலர். டொலர் 175 ரூபா அளவில் நின்ற அக்காலத்தில் அது ஏறக்குறைய 26,000 ரூபா. 2022 மே மாதத்தில், டொலர் 360ஐ எட்டியபோது, வரியும் இலாபமும் சேராமலே 53,000க்கு மேல். அட்டை மாறவில்லை, நம் ரூபாவே மாறிற்று. இதனை உணராத பெற்றோர் பிள்ளை பொய் விலை கூறுகிறானென்று ஐயுற்றதும் உண்டு.

நிற்க. வீட்டுக் கணனிக்குப் பொருந்துமா என்பதே பலர் மறக்கும் கேள்வி. எங்கள் கணனியின் மின்வழங்கி 240 வாற் கொண்டது. 580 ஒன்றே 185 வாற் கேட்கும். 2022இன் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. மதர்போட்டுடன் நான்கு ஒழுங்கைகளால் மட்டுமே இணைவது. பழைய மதர்போட்டில் அவ்வொழுங்கைகளின் வேகம் பாதியாகும். அன்றியும், ஒளிப்படத்தைச் சுருக்கிப் பதியும் உறுப்பு அதில் இல்லை. தொகுப்புப் பழகும் மாணவனுக்கு அது குறையே. 2024இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3050இன் 6 ஜி.பி. வகை 70 வாற்றுடன் அமைவது எங்களுக்குப் பொருந்தும். கையிலிருந்த பணத்துக்குத்தான் பொருந்தவில்லை.

580ஐ மாட்டிக் காட்டும்படி பையன் பணிவாகக் கேட்டான். கடைக்காரர் சற்றுத் தயங்கி, பின்னர் இணங்கினார். திரையில் 2048 என்று தோன்றியது.

“மாமா, போவோம்” என்றான்.

மேலும் இரண்டு கடைகள் ஏறியிறங்கி, தனி மின்கம்பி வேண்டாத 1650 ஒன்றை, பழையதுதான், அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து வாங்கினோம். எஞ்சிய பணத்தைத் தாயாரிடம் எண்ணிக் கொடுத்தான்.