கிணற்றுச் சேற்றில் எழும் மெதேன் வாயு

காங்கேசன்துறைப் பகுதியில், 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்து, பின்னர் விடுவிக்கப்பட்ட காணிகளைக் கமக்காரர் மீண்டும் பண்படுத்தி வருகின்றனர். வெங்காயமோ கத்தரியோ நடுவதற்கு முன் கிணற்றை இறைத்துச் சேறெடுத்தல் வேண்டும். பூவரசு, வேம்பு முதலிய மரங்களின் இலைகள் ஆண்டுதோறும் விழுந்து, அடியிற் கரிய சேறாகப் படிந்திருக்கும். தடியாற் கிளறினால் குமிழிகள் எழும். அக்குமிழிகளில் மிகுந்திருப்பது மெதேன்.

காற்றுப்படாத நீரின் அடியில் இலை, வைக்கோல், சாணம் முதலியன அழுகும்போது ஒருவகை நுண்ணுயிர்கள் இவ்வாயுவை உண்டாக்குகின்றன. செம்மண் தோட்டத்தில் இஃது உண்டாதல் அரிது. சுண்ணாம்புக்கல்லின் மேலுள்ள அம்மண் நீரை விரைவில் வடித்துவிடுவதால் காற்று உட்புகும். மாரியில் வெள்ளம் தேங்கி நிற்கும் நெல்வயலிலோ இது தாராளமாக உண்டாகி, பெரும்பகுதி நெற்பயிரின் தண்டினூடாகவே வெளியேறுகின்றது. இத்தாலிய அறிஞர் வோல்ற்றா 1776இல் ஏரிச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைப் போத்தலிற் பிடித்து எரித்துக் காட்டினார்.

மெதேனின் ஒரு மூலக்கூறில் ஒரு காபன் அணுவும் நான்கு ஐதரசன் அணுக்களும் உள. இதற்கு நிறமில்லை, மணமுமில்லை. சேற்றிலிருந்து வரும் அழுகல் முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டு என்னும் வேறொரு நச்சுவாயுவினுடையது. அந்நாற்றம் திடீரென மறைந்தால் வாயு நீங்கிற்று என்று எண்ணுதல் தவறு. அது மிகும்போது மூக்கின் உணர்ச்சியையே மழுக்கிவிடும். மெதேன் நீரிற் சிறிதளவே கரையும். 25 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 22 மில்லிகிராம். எஞ்சியது சேற்றிலே சிறைப்பட்டிருந்து, கிளறியவுடன் மேலெழும்.

காற்றோடு ஒப்பிடின் மெதேனின் நிறை பாதியிலும் சற்றே கூடியது. ஆதலால் திறந்த கிணற்றில் அது மேலேறிக் கலைந்துவிடும்; கொங்கிறீற்று மூடியிட்ட கிணற்றிலோ மூடியின் கீழ்த் தங்கும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். எனவே மூடியை நீக்கும்போது சுருட்டு, பீடி, தீக்குச்சி எதுவும் அருகில் இருத்தலாகாது.

மெதேன் தன்னளவில் நச்சன்று; ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதாலேயே மூச்சடைக்கச் செய்கின்றது. அதனுடன் பிறக்கும் காபனீரொட்சைட்டோ காற்றிலும் ஒன்றரை மடங்கு பாரமானது, அடியிலேயே தேங்கும். ஆகவே, மேலே நின்று பார்த்தவருக்கு ஒன்றும் தோன்றாத கிணற்றில் இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழலாம்.

அரிக்கன் லாம்பை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நாம் பரிந்துரைக்கவில்லை. விளக்கு அணைந்தால் ஒட்சிசன் குறைவு என்பது மெய்யே. ஆயின் மெதேன் மிகுந்த இடத்தில் அவ்விளக்கே வெடிப்பை மூட்டும். மேலும், விளக்கு எரிவதால் நச்சுவாயு இல்லை என்று ஆகிவிடாது.

முதலில் மூடியை நீக்கி, கிணற்றை நன்கு திறந்து விடுக. நீரைத் தரையிலிருந்தே இறைக்க. மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றினுள் ஒருபோதும் இறக்கலாகாது, அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உயிரைக் கொல்லும். பின்னர், தொலைவில் வைத்த ஊதுவிசிறியினால், நீண்ட குழாய் வழியே தூய காற்றை அடிவரை செலுத்துக. சேறு கிளறப்படுந்தோறும் வாயு புதிதாக எழுமாதலால், வேலை முடியும்வரை விசிறியை நிறுத்தலாகாது. வாயுவை அளக்கும் கருவியாற் சோதித்த பின்பே, இடுப்பிலும் தோளிலும் கயிறு பிணித்த ஒருவர் மட்டும் இறங்கலாம். அவரை இழுத்தெடுக்க வல்ல இருவரேனும் மேலே நிற்றல் வேண்டும். உள்ளிருப்பவர் மயங்கினால், தம்பி, மைத்துனன் என்று பதறி எவரும் பின்னே குதிக்கலாகாது. கயிற்றினாலேயே மேலே தூக்குக.

எடுத்த சேற்றை வீசிவிடத் தேவையில்லை. வெயிலிற் பரப்பி உலர்த்தி, மாட்டெருவோடு கலந்து மட்கவிட்டால் கத்தரிப் பாத்திக்கு உதவும்.