இணைய வழிக் கலாசாலைப் பாடங்களும் குடியானவர் குடும்பமும்

கலாசாலைக் கல்வி என்பது பட்டணத்திற் சென்று தங்கி, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்டிக் கற்கவேண்டிய ஒன்றென்றே கிராமங்களில் நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. நிலபுலமுள்ள குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் இருப்பின், ஒருவரைப் படிக்க அனுப்பி மற்றவரை நிலத்தோடு நிறுத்திக்கொள்வது பலவிடத்தும் வழக்கம். நிலத்தோடு நின்றவருக்குப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. இந்நிலை இப்போது மாறக்கூடியதாக இருக்கிறது. ரசாயனம், புள்ளியியல், பொருளாதாரம், கணக்கியல், உயிரியல், கணினி முதலிய பல துறைகளில், கலாசாலையில் முதன்முதல் போதிக்கப்படும் பாடங்கள் இணைய வழியாகக் கைபேசியிலேயே கிடைக்கின்றன. இவற்றுட் பலவற்றைப் படிப்பதற்குக் கட்டணமில்லை. இவற்றால் உண்மையில் விளையும் பிரயோஜனம் யாது, எவ்விடத்தில் ஏமாற்றம் நேரும் என்பவற்றை மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்ளுதல் நலம்.

இம்முறை அமெரிக்காவில் உருவெடுத்தது. அங்குள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடக் குறிப்புகளையெல்லாம் எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடப்போவதாக 2001-ஆம் ஆண்டில் அறிவித்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2011-இல், ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்து செயற்கை நுண்ணறிவுத் தொடக்கப் பாடம் ஒன்று இணையத்தில் நடத்தப்பட்டது. அதில் ஏறக்குறைய 1,60,000 பேர் பெயர் பதிந்தனர். அடுத்த ஆண்டில் மாசசூசெட்ஸ் கழகம் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் பதிந்தவர் சுமார் 1,55,000 பேர். பூரண மதிப்பெண் பெற்ற சிலருள் மங்கோலியா தேசத்துப் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் இருந்தான் என்பது அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் அப்பாடத்தில் தேறியவர் மொத்தம் 7,157 பேரே. நூற்றுக்கு ஐந்து பேருங்கூட அல்ல. பையனைப் பற்றிய செய்தி பரவிய அளவுக்கு இந்தக் கணக்கு பரவவில்லை.

நம் தேசத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே, இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, என்.பி.டி.இ.எல். என்னும் ஏற்பாட்டின்கீழ்த் தங்கள் விரிவுரைகளைப் படமெடுத்து வெளியிடத் தொடங்கின. சான்றிதழுடன் கூடிய பாடங்கள் 2014 முதல் நடைபெறுகின்றன. 2017-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி மத்திய சர்க்காரின் 'ஸ்வயம்' தளம் தொடங்கப்பட்டது. இதில் ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவுரைப் படம், படிக்கத்தக்க குறிப்பு, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள், ஐயம் கேட்கும் இடம் ஆகிய நான்கு பகுதிகள் உண்டு. பாடத்தைக் கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை. சான்றிதழ் விரும்புவோர் மட்டும் பரீட்சைக் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட நகரத்திலுள்ள மையத்துக்கு நேரிற் சென்று எழுதவேண்டும். கலாசாலையிற் படிப்பவராயின், தம் பட்டப்படிப்பில் ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு நாற்பது பங்குவரை இத்தளத்தின் மூலம் பெறப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் தனிச் சான்றிதழ் பட்டமாகாது. அதைக் காட்டி உத்தியோகம் பெறலாமென்று எண்ணிச் சேருதல் தகாது.

அப்படியாயின் நிலத்தோடு நிற்பவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். பயிர்த்தொழிற் பாடங்களே இத்தளங்களில் இல்லாமலில்லை. கரக்பூர் கழகத்தார் நடத்தும் இயற்கை வேளாண்மை, பாசனம், வடிகால் முதலிய பாடங்கள் உண்டு. எனினும் குடியானவருக்கு மிகவும் உதவக்கூடியது, பெயரளவில் வயலுக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் புள்ளியியல் தொடக்கப் பாடமேயாம்.

அந்தச் சாஸ்திரத்தின் பெரும்பகுதி வயலிற் பிறந்ததே. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமையிட்டு உரச் சோதனை நடந்துவருகிறது. ஆண்டுதோறும் குவிந்த விளைச்சற் கணக்குகளிலிருந்து எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று தெரியாத நிலையில், 1919-இல் ரொனால்டு பிஷர் என்னும் கணித வல்லுநர் அங்கு நியமிக்கப்பட்டார். இன்று மருந்துச் சோதனை முதல் தொழிற்சாலை வரையில் கையாளப்படும் சோதனை முறைகள் பலவற்றை அவர் அங்கேதான் வகுத்தார். அவற்றின் சாரம் எந்தக் குடியானவருக்கும் விளங்கக்கூடியதே. ஒருவர் புதிய உரத்தை ஒரு வயலில் இட்டு முப்பது மூட்டை காண்கிறார். பக்கத்து வயலில் இருபத்தேழு மூட்டை. உரத்தின் பயனென்று கடைக்காரர் சொல்கிறார். ஆனால் முதல் வயல் வாய்க்காலை ஒட்டியதாக இருக்கலாம். முந்தின போகம் அதில் உளுந்து விதைத்திருக்கலாம். உண்மை அறியவேண்டுமாயின், ஒரே வயலை எட்டுப் பட்டைகளாகப் பிரித்து, எந்த நான்கில் புதிய உரம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்து, பட்டைக்குப் பட்டை தனித்தனியே அறுத்து நிறுக்கவேண்டும். அப்போதும் பட்டைகளுக்குள் இயல்பாகவே உள்ள ஏற்றத்தாழ்வைவிட உரத்தால் வந்த வித்தியாசம் பெரிதா என்று பார்க்கவேண்டும். இந்த ஒரு பாடத்தைச் செவ்வையாகக் கற்றவர், வருஷந்தோறும் வீணாகும் மருந்துச் செலவில் ஒரு பகுதியையேனும் மிச்சப்படுத்துவர் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

ரசாயனத் தொடக்கப் பாடம் கற்றவர் மண் பரிசோதனைச் சீட்டைப் பிறர் உதவியின்றிப் படிப்பர். கார அமில நிலை 7.5-இலிருந்து 8.5-க்கு ஏறினால் அது ஒரு பங்கு ஏற்றமன்று, பத்து மடங்கு என்பதும், 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 20.7 கிலோ இருக்க, 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோவே உண்டு என்பதும் அவருக்குத் தெளிவாகும். பொருளாதாரப் பாடத்தில், சின்ன வெங்காயம் விலையேறிய ஆண்டுக்கு மறு ஆண்டு எல்லோரும் அதையே பயிரிட்டு விலை சரிவதற்குக் காரணம் விளக்கப்படுகிறது. வரைபடத்தின் கோடுகள் சிலந்தி வலைபோற் சுற்றுவதால் அதற்குச் சிலந்தி வலைக் கொள்கை என்றே பெயர். கணக்கியற் பாடத்தில் டிராக்டரின் தேய்மானத்தைச் செலவிற் சேர்க்கக் கற்கலாம்.

இனி, இடையூறுகளைக் கவனிக்கவேண்டும். பெயர் பதிந்தவருட் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுவது எல்லாத் தேசத்திலும் காணப்படுவதே. கிராமத்தாருக்கு வேறொரு காரணமும் உண்டு. பாடப் பருவங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும் ஜூலை முதல் அக்டோபர் வரையிலும் அமைந்துள்ளன. முன்னதன் தொடக்கத்தில் சம்பா அறுவடை. பின்னதன் இறுதியில் குறுவை அறுவடையும் சம்பா நடவும். வாரந்தோறும் பயிற்சி விடைகளைக் குறித்த தேதிக்குள் அனுப்பவேண்டியிருக்க, களத்தில் நெல் கிடக்கும்போது எவர் அதைச் செய்வார்? பாடத்திட்டம் வகுத்தோர் காவிரிப் பாசனத்தை மனத்திற் கொண்டு வகுக்கவில்லை. எனினும் ஒரு வழி இருக்கிறது. என்.பி.டி.இ.எல். பன்னிரண்டு வாரப் பாடங்களில் பயிற்சிகளுள் மிகுந்த மதிப்பெண் பெற்ற எட்டு மட்டுமே கணக்கிற் கொள்ளப்படும். பயிற்சிக்கு 25, பரீட்சைக்கு 75 என்பது மதிப்பெண் பங்கீடு. முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் பெற்றாற் போதும். ஆகவே நான்கு வாரம் அறுவடைக்குப் போனாலும் சான்றிதழ் கைநழுவுவதில்லை. எந்த நான்கு வாரம் என்பதை முன்னதாகவே தீர்மானித்து, எஞ்சியவற்றைத் தவறாது எழுதவேண்டும். சான்றிதழ் வேண்டாதவர் தமக்கு வசதியான மாதங்களில் விரிவுரைகளை மட்டும் கேட்கலாம். ஆயின் காகிதமும் பென்சிலும் கையில் இல்லாமற் கேட்பவருக்கு மறுவாரம் ஒன்றும் நினைவிராது.

இரண்டாவது இடையூறு பாஷை. விரிவுரைகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. சேருமுன் அதைத் தேடிப் பார்த்துக்கொள்ளுதல் அவசியம். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கங்களில் பயிர்வாரியான குறிப்புகள் தமிழிலேயே உள்ளன. கலைச்சொற்களுக்கு அவற்றைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் அழைத்து, பெருந்தொகை கட்டினால் உத்தியோகம் நிச்சயம் என்று பாடம் விற்பவரிடம் அகப்படாதிருக்கவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பாடத்துக்கே கடன் வாங்கிப் பணம் கட்டுவது போன்ற நஷ்டம் வேறில்லை.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இதில் செய்யக்கூடிய காரியம் பெரிதல்ல. ஊர் நூலகத்திலோ பள்ளிக்கூடக் கட்டிடத்திலோ வாரம் ஓர் அந்திப்பொழுது இடங்கொடுத்தால், நாலைந்து பேர் ஒரே பாடத்திற் சேர்ந்து ஒன்றாகக் கேட்டுக் கணக்குகளைப் போடலாம். தனியே படிப்பவர் விட்டுவிடும் வாரத்தில், கூடப் படிப்பவர் இழுத்துவருவர். திருமணத்துக்குப்பின் படிப்பு நின்ற பெண்களுக்கு இவ்வேற்பாடு முக்கியமாக உதவும். பயிர்க் கணக்கைப் பல வீடுகளில் எழுதிவருவோர் அவர்களே. முதற் பருவத்தில் ஒருவருக்கு ஒரு பாடத்துக்குமேல் வேண்டாம். பாடத்திற் சேருவதும் பரீட்சைக்குப் பதிவு செய்வதும் வெவ்வேறு. பின்னதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. அத்தேதியை நூலகப் பலகையில் எழுதிவைத்தல் நன்று.