ஈறில் ரத்தம், ஸ்கேனில் கொழுப்பு

பல் துலக்கித் துப்பும்போது நுரை சிவந்து வருகிறது. முதலில் பேஸ்ட்டை மாற்றுகிறார்கள், அப்புறம் பிரஷை. கடைசியில் அந்தப் பக்கம் துலக்குவதையே விட்டுவிடுகிறார்கள். அதே ஆளின் வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்றிருக்கும். "இது எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று அந்தத் தாளும் பீரோவுக்குள் போய்விடும்.

இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது. ஜப்பானில் 2012இல் வெளியான ஆய்வொன்றில், ஈறுநோய்க் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் 46.7 சதவீதம் பேரிடமும், மற்றவர்களில் 21.7 சதவீதம் பேரிடமும் காணப்பட்டது. கிருமியும் அதன் நச்சும் புண்ணான ஈறு வழியே ரத்தத்திலும், எச்சிலோடு குடலிலும் கலந்து கல்லீரல் அழற்சியைத் தூண்டக்கூடும். சர்க்கரை நோய் இரண்டையுமே முற்றவைக்கும்.

அரசு மருத்துவமனையில் பல் பிரிவு ஒரு மூலை, பொது மருத்துவம் இன்னொரு மூலை. இங்கே வயிற்றைப் பற்றிக் கேட்பதில்லை, அங்கே வாயைத் திறக்கச் சொல்வதில்லை. எனவே தாளைச் சுமப்பது நோயாளியின் வேலையாகிவிடுகிறது.

பல் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடும்போது ஸ்கேன் ரிப்போர்ட், கல்லீரல் ரத்தப் பரிசோதனை, சர்க்கரை அளவு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் நான்கும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறின் பள்ளத்தை அளப்பார்கள், 4 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் கவனிக்க வேண்டியது. அந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பொது மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டும் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

பொது மருத்துவரிடம் 'ஃபிப்-4' கணக்கைக் கேளுங்கள். வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று கணிக்கும் எளிய கணக்கு அது.

பல் பிரிவில் பல்லில் படிந்த காரையை எடுத்தால் பல் ஆடும் என்பது வீண் பயம். பல்லை ஆட வைப்பது காரைக்கடியில் கரைந்துபோன எலும்பு.

ஒன்றை மறக்க வேண்டாம்: பல்லைச் சுத்தம் செய்வது கல்லீரலுக்கு மருந்தாகாது. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணிய வாய்ப்பு உண்டு. ஈறு வலிக்கிறதென்று மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கவும் வேண்டாம்; அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் போன்றவை கல்லீரலையே பாதிக்கக்கூடும். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது: ரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். பல்லைச் சுத்தம் செய்து மூன்று மாதம் கழித்து ஈறின் பள்ளத்தை மறுபடி அளக்கச் சொல்லி, பழைய சீட்டை நீட்டுங்கள்.