மண் தொடாத கீரையும் நைட்ரேட்டும்

தண்ணீரில் வளர்த்த கீரை மண் படாதது, ஆகவே நோயாளிக்கு நல்லதுதானே என்று உடனிருப்போர் எங்கள் உணவியல் பிரிவில் கேட்பதுண்டு. மண் ஒட்டாதது உண்மையே. கழுவாமல் உண்ணலாம் என்று அதற்குப் பொருளில்லை. நாங்கள் முதலில் நோக்குவது வேறொன்றை: அந்த நீரில் தழைச்சத்து எவ்வளவு கரைக்கப்பட்டது?

மண்ணில்லா வளர்ப்பில் தழைச்சத்து பெரும்பாலும் நைட்ரேட் உப்பாகவே கொடுக்கப்படுகிறது. குறைந்தால் இலை வெளுத்துச் செடி குன்றும். கூட்டினால் ஓரளவு வரை விளைச்சல் ஏறும். அதற்கு மேல், வேர் உறிஞ்சிய நைட்ரேட் காம்பிலும் இலையிலும் தேங்குகிறது. அதைப் புரதமாக்கும் பணிக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே நிழற்கூடத்திலும் மழைக்கால மூட்டத்திலும் தேக்கம் மிகும். ஐரோப்பிய ஒன்றியம் கூரைக்கடியில் வளரும் லெட்டூஸுக்குக் கிலோவுக்குக் கோடையில் 4000, குளிர்காலத்தில் 5000 மில்லிகிராம் என இருவேறு வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான். நல்ல வளர்ப்பாளர் அறுவடைக்குச் சில நாள் முன்பே தழைச்சத்தைக் குறைத்துவிடுவார். வாங்குமிடத்தில் இதைக் கேட்கக் கூச்சம் வேண்டா.

பெரியவர்கள் அஞ்சத் தேவையில்லை. ஏற்கத்தக்க நாளளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 222. ஒருநாள் சற்று மிகுந்தாலும் கேடு நேர்ந்துவிடாது. அளவோடு வரும் நைட்ரேட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாய்களைத் தளர்த்தவும் செய்கிறது.

கைக்குழந்தையின் நிலை வேறு. நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். இதைச் சரிசெய்யும் நொதி பிறந்த சில மாதங்கள்வரை போதிய அளவு இராது. ஆறு மாதத்துக்கு முன் கீரை மசியல் வேண்டா. பின்பும் சிறிதளவே, அவ்வப்போது வேகவைத்து உடனே ஊட்டுங்கள். வெளியில் வைத்த மசியலில் நுண்ணுயிர்கள் நைட்ரைட்டைப் பெருக்கும். காலையில் கடைந்ததை மாலையில் ஊட்டும் வழக்கமே எங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது. நீலம் தெரிந்தால் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு நைட்ரேட்டைவிடப் பொட்டாசியமே பெரிய கேள்வி. பொட்டாசியம் நைட்ரேட் இந்த உரநீரின் வழக்கமான கூறு. ஜப்பானில் அவர்களுக்கென்றே பொட்டாசியம் குறைத்த லெட்டூஸ் வளர்க்கப்படுகிறது. நம் வீட்டில், காம்பை நீக்கி நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிடுவது இரண்டையும் குறைக்கும். சத்து வீணாகிறதே என்று அந்நீரை ரசத்தில் சேர்ப்பவர்கள், சிறுநீரக நோயாளிக்கு மட்டும் அதைப் பரிமாற வேண்டா. வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ எண்ணினால், முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.