48 என்றால் 48 தானா?



போட்டித் தேர்வுகளில் அட்டவணையோ வட்ட விளக்கப்படமோ கொடுத்துச் சில கேள்விகள் கேட்பாங்க. அதிலே சதவீதம் முழு எண்ணா இருந்தா, நாம உடனே பெருக்க ஆரம்பிச்சிடுவோம். கொஞ்சம் நில்லுங்க! அது புள்ளியை நீக்கி, அருகில் உள்ள முழு எண்ணாக மாற்றி எழுதியதாக இருக்கலாம். வங்கித் தேர்வுகளில் தப்பான விடைக்குக் கால் மார்க் வேற கழிப்பாங்க.

ஒரு உண்மைக் கணக்கு பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7,21,47,030 பேர். அதில் நகர்ப்புறத்தில் இருந்தவர்கள் 3,49,17,440 பேர். இது 48.40 சதவீதம். சுருக்கி எழுதினால் 48. இப்போ 48-ஐ வைத்துத் திரும்பப் பெருக்கிப் பாருங்க. 3,46,30,574 தான் வருது. ஏறக்குறைய 2,87,000 பேரைக் காணோம்!

காரணம் இதுதான். 47.5 முதல், 48.5-க்குக் கொஞ்சம் குறைவு வரை எல்லாவற்றையும் 48 என்றுதான் எழுதுவோம். ஆகவே 48 என்பது ஒரு புள்ளி அல்ல, ஒரு இடைவெளி. இதை மனசுல வச்சுக்கிட்டா மூணு விஷயம் புரியும்.

1. கூட்டினால் 100 வராமல் போகலாம். மூன்று சம பங்குகளை 33, 33, 33 என்று எழுதினால் 99 தான். அச்சுப்பிழைன்னு நினைக்காதீங்க.

2. 12 சதவீதம், 13 சதவீதம் என்றால் வித்தியாசம் சரியாக 1 என்று சொல்ல முடியாது. 12.4, 12.6 ஆக இருந்தால் 0.2 தான். 11.6, 13.4 ஆக இருந்தால் 1.8! இந்த மாதிரி இடத்தில் 'கண்டறிய இயலாது' என்பதே சரியான விடையாக இருக்கலாம்.

3. சின்ன எண்ணிக்கையில் நமக்கு லாபம். 30 பேரில் 47 சதவீதம் என்றால் 14.1 வரும். ஆளைப் பிரிக்க முடியுமா? 14 பேர் என்று உறுதியாச் சொல்லிடலாம்.

ஒரு எச்சரிக்கை: சுருக்கிய எண் என்று கேள்வியிலோ அட்டவணையின் கீழேயோ குறிப்பு இருந்தால்தான் இப்படி யோசிக்கணும். குறிப்பு இல்லாவிட்டால் கொடுத்த எண்ணை அப்படியே எடுத்துக்கணும். அதனால் முதல்ல அந்தச் சின்ன எழுத்தைப் படிங்க!

உங்களுக்கு ஒரு கேள்வி: ஒரு போட்டியில் கலந்துகொண்டவர்களில் 67 சதவீதம் பேர் பரிசு பெற்றார்கள் (முழு எண்ணாக்கியது). கலந்துகொண்டவர்கள் குறைந்தது எத்தனை பேர்? விடையை இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்க, பார்ப்போம்!