உருவம் இல்லாமலும் களிமண் பேசும்

காத்தான்குடி பூர்வீக நூதனசாலையில் வைக்கப்பட்ட மனித உருவச் சிலைகள் தொடர்பில் எழுந்த சர்ச்சை பலருக்கு ஞாபகமிருக்கும். உருவச் சிலை வேண்டாம் என்போரின் மார்க்க அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் சிலையைத் தவிர்த்தால் எமது பாரம்பரியத்தைக் கலையாகச் சொல்ல வேறு வழியே இல்லையா?

இருக்கிறது என்பதற்கு ஹலீமா கசெல் ஓர் உதாரணம். 1975இல் பாகிஸ்தானில் பிறந்து, இங்கிலாந்தின் லங்காஷயரில் வளர்ந்த மட்பாண்டச் சிற்பி இவர். இவரது பெயர்பெற்ற படைப்புகளில் மனித உருவம் இல்லை. தடித்த களிமண்ணில் கேத்திரகணிதக் கோலங்களை ஆழமாகச் செதுக்குகிறார். பிறந்த மண்ணின் இஸ்லாமிய வடிவங்களும் வளர்ந்த ஊரின் கட்டடங்களும் அதில் ஒன்றுசேர்கின்றன. 'ஒற்றுமையின் நற்பண்புகள்' எனப் பொருள்படும் அவரது தொடரில், பல நாடுகளின் களிமண்ணை எடுத்து நாட்டுக்கு ஒன்றாகச் செதுக்கியுள்ளார். மண்ணின் நிறம் வேறு, தன்மை வேறு. குடும்பம் ஒன்று என்பதே அதன் செய்தி.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். மண் பாதி காய்ந்து இறுகிய பதத்தில்தான் செதுக்க முடியும். அவசரமாகக் காயவைத்தால் வெடித்துவிடும். அதன் பிறகே சூளை.

எம்மிடம் செதுக்க என்ன இருக்கிறது? மருதமுனைத் தறியின் கட்டங்களும் கோடுகளும் இருக்கின்றன. எங்கள் பெண்கள் இழைத்த பன்பாயின் பின்னல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குடி முறை இருக்கிறது. நாம் எந்தக் குடி என்பது தாய் வழியாகவே வருகிறது. பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர்கள் குடிகளின் பெயரால் அமர்ந்த வரலாறும் உண்டு. குடிக்கு ஒரு கோலம், ஊருக்கு ஒரு மண் என எமது பிள்ளைகள் செதுக்கினால், அது ஒரு குடும்ப வரலாறாகவே இருக்கும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோர வீடுகளோடு படங்களும் உறுதிகளும் உம்மாமார் பாதுகாத்த பீங்கான்களும் போயின. கடதாசி கரைந்துவிடும். சுட்ட மண் உடைந்தாலும் துண்டாவது மிஞ்சும்.

எமது பாடசாலைகளின் சித்திரப் பாட ஆசிரியர்கள் இதை ஒரு தவணைச் செயற்றிட்டமாகத் தொடங்கலாம். பிள்ளைகள் முதலில் மூத்தம்மாவிடம் போய், "நாம எந்தக் குடி?" என்று கேட்கட்டும். பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்பது நல்லது.