மூச்சுக்குத் துணைநிற்கும் கல்வி

வென்டிலேட்டர் அருகில் இரவெல்லாம் விழித்திருந்து, நோயாளிக்கேற்பக் காற்றின் அளவையும் அழுத்தத்தையும் திருத்தியமைப்பவர் யாரென எண்ணியதுண்டா? அமெரிக்காவில் அவர் சுவாச சிகிச்சையாளர். 1947-இல் சிகாகோவில் சங்கமாகத் திரண்ட இத்தொழிலுக்கு ஈராண்டுக் கல்லூரிப் படிப்பே நெடுங்காலம் நுழைவாயிலாயிருந்தது. ஆக்சிஜன் உருளைகளைத் தள்ளிச் சென்ற நாள்களுக்கு அது போதும்; இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போதுமா? எனவே, இளநிலைப் பட்டம் வேண்டுமென்ற குரல் வலுத்தது. அவ்வகுப்புகளில் கற்பிப்பது யார்? முதுநிலைப் பட்டத்தின் தேவை இங்கேதான் எழுகின்றது. கருவிப் பயிற்சியையே மறுபடியும் நீட்டினால் அது காகிதப் பட்டமாகிவிடும். ஆய்வுமுறையும், ஆசிரியப் பயிற்சியும், துறையை நடத்தும் திறனும் அதில் இடம்பெற வேண்டும். பணியிலிருப்போர் வேலையை விட்டுவர இயலாதாகையால், பல பல்கலைக்கழகங்கள் இணையவழியே கற்பிக்கின்றன; நல்ல ஏற்பாடுதான். ஆயினும், பட்டம் உயர்ந்தும் ஊதியம் உயராவிடில் எவர் சேருவர்? இதற்கு மருத்துவமனை நிர்வாகிகள்தாம் விடையளிக்க வேண்டும்.